பதினாறடி டாக்டரம்மா

செங்காட்டுப்புதூர் நாற்சந்தியில் அர்த்தனாரி தன் மகளுக்கு ஃபிளெக்ஸ் வைத்தது மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு வருவதற்குப் பதினோரு நாட்கள் முன்னால். அதை யாரும் அவசரம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் காது குத்துக்கும் சடங்குக்கும் கிடாவெட்டுக்கும் புது லாரி எடுத்ததற்கும் ஆள் செத்ததற்கும் செத்து ஒரு வருடம் ஆனதற்கும் ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர் அது, அங்கே காரியம் நடந்த பிறகு வைப்பவன் சோம்பேறி, நடப்பதற்கு முன்பே வைப்பவன்தான் ஆள். அர்த்தனாரி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர், எதையும் பெரிதாகவே அளந்து பழகியவர், ஆகவே பதினாறடி உயரம், பத்தடி அகலம், நான்கு சவுக்குக் கம்பம் என்று சொல்லிவிட்டார். ஃபிளெக்ஸ் கடைக்காரன் ஹால் டிக்கெட்டில் இருந்த முகத்தை வெட்டி எடுத்து, யாரோ ஒரு வெள்ளைக் கோட்டுக்காரியின் உடம்பில் ஒட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கையில் தடித்த புத்தகமும் கொடுத்து, தலைக்கு மேல் ‘எங்கள் இல்லத்தின் முதல் மருத்துவர் சுகப்பிரியா’ என்றும், காலடியில் வட்ட வட்டமாக மாமன் மச்சான் பங்காளி இருபத்திரண்டு பேரின் படங்களைப் போட்டு ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்றும் அச்சடித்துக் கொடுத்தான்.

நிஜ சுகப்பிரியா அப்போது பட்டறையில் ஒட்டுப்பலகையின் பின்பக்கத்தில் தச்சன் பென்சிலால் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். நாக்பூருக்கு முட்டை ஏற்றிப் போய்த் திரும்பும் டிரைவர்கள் வண்டி பழுது பார்க்க வந்து உட்கார்ந்தால் அவர்களிடம் வழி கேட்டு, தென்பெண்ணை, வட பெண்ணை, துங்கபத்திரை, கிருஷ்ணை, கோதாவரி, பெண்கங்கை என்று தாண்டுகிற ஆறுகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது அவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து வழக்கம். அந்த வயதில் ஒருமுறை வெல்டிங் பொறி தெறித்து இடது மணிக்கட்டில் காசளவு வடு விழுந்தபோதுகூட அவள் பென்சிலைக் கீழே போடவில்லை. அவளுக்குப் புவியியல் படிக்க வேண்டும், பக்கத்து நகரத்து அரசு கலைக் கல்லூரியில் அது இருந்தது, அந்தக் கல்லூரிக்குக் காலை பத்து பத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸும் இருந்தது. இதை அவள் அப்பாவிடம் ஒரு தடவை சொன்னாள், அவர் அதை இருமல் என்று எடுத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. எழுநூற்றி இருபதுக்கு நூற்றி ஏழு.

அர்த்தனாரி மதியச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு, சூரிக்கத்தியை எடுத்துக்கொண்டு, கயிற்றை அறுத்து ஃபிளெக்ஸை இறக்குவதற்காக நாற்சந்திக்குப் போனார், அந்த வேடிக்கையைப் பார்க்க பாதி ஊர் அவர் பின்னாலேயே போனது, மீதி ஊர் முன்னாலேயே போய் இடம் பிடித்து நின்றது. அவர் முதல் கயிற்றில் கத்தியை வைத்தபோது மேலே நின்றவள் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள், பிறகு குனிந்து பார்த்து, “அப்பா, நாளைக்குக் காலேஜு தொறக்கறாங்க. ஒம்பது மணிக்குப் போகோணுங்க” என்றாள்.

அர்த்தனாரி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்று அழுதார். கூட்டத்தில் ஒருவர் மூக்கைச் சிந்தினார், ஒருவர் இனிப்பு வாங்க ஓடினார், அர்த்தனாரியின் அக்கா பாப்பாத்தி திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் தேடினாள். நூற்றி ஏழு எடுத்த பெண் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றாள், யாரும் அவளைத் திட்டவில்லை, அது அவளுக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட இனித் தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு ஃபிளெக்ஸில் ஆள் இருக்காது, வெறும் நீலப் பின்னணியும் எழுத்தும் இருபத்திரண்டு வட்ட முகங்களும்தான் இருக்கும், மாலை ஐந்து மணிக்குக் களைத்த முகத்தோடு அவள் திரும்பி வந்து நிற்பாள். எந்த வழியாகப் போகிறாள், எந்தக் கல்லூரிக்குப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, சொந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதையே கேட்காத ஊர் அது. “புள்ள காலேஜுக்குப் போயிருக்குது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அந்த பஸ் நிறுத்தத்துக்கு டாக்டரம்மா ஸ்டாப் என்று பெயர் வந்தது, கண்டக்டர் அப்படித்தான் கூவினார். சாயங்காலமானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அண்ணாந்து நின்று நாக்கை நீட்டச் சொன்னார்கள், அவள் மேலிருந்தே பார்த்து மாத்திரையின் பெயர் சொன்னாள், பாப்பாத்தி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையை ஒழுங்கு செய்தாள். அனுமதியில்லாத பேனர்களை அகற்ற வந்த பேரூராட்சி அதிகாரி பதினெட்டு பேனர்களைக் கிழித்துவிட்டு பத்தொன்பதாவதாக இதன் முன்னால் வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, மூட்டுவலி என்று பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டி மாத்திரை கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வருடம் தேர்வில் தவறிய வீடுகளிலெல்லாம் ஃபிளெக்ஸ் அடித்தார்கள். டாக்டர், வக்கீல், கலெக்டர் என்று நாற்பத்தாறு பேனர்கள் ஊரைச் சுற்றி நின்றன, அவற்றுக்குப் பெற்றோர்கள் விளக்கு வைத்தார்கள், ஊதுபத்தி கொளுத்தினார்கள், கீழே நின்று கெஞ்சினார்கள், ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. “படத்துல நிக்கிறதுக்குக்கூட உனக்குத் துப்பு இல்லயாடா” என்று கேட்டு அந்தப் பிள்ளைகளை அந்தந்தப் பேனருக்குக் கீழேயே வைத்து அடித்தார்கள். அடி வாங்கியவர்கள் எல்லாரும் அண்ணாந்து தங்கள் முகத்தையே பார்த்தபடி அழுதார்கள், அந்த முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அர்த்தனாரியின் வீட்டில் இன்னொரு காரியமும் சத்தமில்லாமல் நடந்தது. சுகப்பிரியா என்ற பெயர் ஃபிளெக்ஸில் இருப்பவளுக்குப் போய்விட்டது, வீட்டில் இருப்பவளை முதலில் ‘சின்னவ’ என்றார்கள், பிறகு ‘ஊட்டுப்புள்ள’ என்றார்கள், பிறகு ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்டாலே அவள் வந்துவிட்டதால் அதுவே நிலைத்தது. வெள்ளிக்கிழமைகளில் பட்டறை ஏணியை எடுத்துப் போய் ஃபிளெக்ஸில் படிந்த புழுதியையும் காக்கை எச்சத்தையும் சோப்புத் தண்ணீரில் துடைக்கிற வேலை அவளுடையது ஆனது. அக்கம்பக்கத்துக்குக் குழப்பம் வரக்கூடாது என்று வெளியே போகும்போது துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்ளவும் சொன்னார்கள். அப்பா அவளிடம் பேசுவது நின்றது. கோபமெல்லாம் இல்லை. சாயங்காலம் நாற்சந்தியில் நின்று, “சாப்ட்டியா கண்ணு?” என்று மேலே பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒருநாள் அவள் ஜெராக்ஸ் பிரதிகளை எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், பத்து பத்து பஸ் ஏறி அரசு கலைக் கல்லூரிக்குப் போனாள். சேர்க்கைப் பிரிவில் இருந்த எழுத்தர் விண்ணப்பத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், துப்பட்டாவை இறக்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார்.

“நீங்க செங்காட்டுப்புதூர் டாக்டரம்மா தானுங்களே? என்ற சம்சாரத்துக்குத் தலைவலிக்கு நீங்கதான மாத்திரை சொன்னீங்க?”

“அது நான் இல்லீங்க சார். அது போட்டா.”

“போட்டா யாருதுங்க?”

“என்னுதுங்க.”

“அப்பறம்?” என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை, விதியைப் படித்தவர். “ஒரே ஆளு ஒரே சமயத்துல ரெண்டு எடத்துல படிக்க முடியாதுங்க அம்மிணி. அதுல இருக்கறது வேற, நீங்க வேறன்னா, ஒரிஜினல் டி.சி.யும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொண்டாங்க. ஒரிஜினல் யாருகிட்ட இருக்குதோ அவிங்கதான் ஆளு. புவியியலுக்கு எப்பவும் எடம் கெடக்கும், அதுக்கெல்லாம் அடிதடி கெடையாது.”

ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே அப்பா மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, மழையில் நனையாமல் பாலிதீன் சுற்றி, ஃபிளெக்ஸின் உச்சிச் சட்டத்தில் கம்பி வைத்துக் கட்டிவிட்டார். “சர்ட்டிபிகேட்டு படிக்கற புள்ளகிட்டத்தான இருக்கோணும்” என்று அவர் சொன்னதில் பாப்பாத்திக்கும் ஊருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. சுகப்பிரியா வெள்ளிக்கிழமை துடைக்கும்போது மெதுவாக அந்தப் பக்கம் கையை நீட்டினால், மேலே நிற்பவள் ஊருக்கே கேட்கிற குரலில், “யாருங்க அது, சர்ட்டிபிகேட்டத் தொடறது?” என்று கேட்டாள். ஃபிளெக்ஸ்காரி கல்லூரிக்குப் போயிருக்கும் நேரத்திலோ பாப்பாத்தி அத்தை கீழே நாற்காலியை விட்டு நகரமாட்டாள்.

அந்த வருடம் அப்படிப் போனது.

அடுத்த மே மாதம் வந்தபோது ஊர் டாக்டரம்மாவுக்குப் புது உத்தியோகம் கொடுத்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்ன படிப்பது என்று கேட்க வேறு எங்கே போவது, வெளியூரில் கூட்டம் போட்டுச் சொல்லும் ஆலோசகர்களெல்லாம் பத்து வழி சொல்லிக் குழப்புகிறார்கள், இவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறாள் என்று சாமியானா போட்டு, மைக் கட்டி, ‘உயர்கல்வி வழிகாட்டி முகாம்’ என்று அதற்கும் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நான்கு ஊர் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், “உங்க கட்-ஆஃப் எவ்வளவுங்க?” என்று கேட்பாள், எண்ணைச் சொன்னதும் படிப்பைச் சொல்வாள், அவ்வளவுதான், அடுத்த ஆள். பாட்டுப் பாடுகிற பையனைக் கணக்குத் தணிக்கைக்கு அனுப்பினாள், ரத்தம் பார்த்தால் மயங்கி விழுகிற பெண்ணை நர்சிங்குக்கு அனுப்பினாள், ஒருத்தனைப் பார்த்து, “உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள், அவனுடைய தாய் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பெற்றோர்கள் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்கே போய்ச் சேர்த்துவிட்டார்கள்.

சுகப்பிரியாவும் அந்த வரிசையில் நின்றாள். துப்பட்டா சுற்றிய முகத்தோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, தன் முறை வந்தபோது துணியை இறக்கினாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, ஊர் தன்னை மறக்கலாம், அப்பா மறக்கலாம், அந்த முகம் தன் முகம், அதற்கு மறக்காது என்று அவள் நினைத்தாள். பாவம், அவள் முகத்தைப் பற்றி அவளுக்கே அதிகம் தெரியவில்லை.

“நான் புவியியல் படிக்கலாமுங்களா?” என்றாள்.

மேலே நின்றவள் முதல்முறையாகக் குனிந்து அவளை நேராகப் பார்த்தாள். மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

“நீங்க யாருங்க?”

“நான்தானுங்க. ஊட்டுல இருக்கற…”

“சரீங்க. கட்-ஆஃப் எவ்வளவு?”

அவள் சொன்னாள். பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

“அந்த மார்க்குக்கு ஊட்டு வேலை பாக்கலாமுங்க. நல்லாத் தொடைக்கறீங்க. அடுத்த ஆளு.”

பந்தல் முழுவதும் சிரித்தது, வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், தங்களைவிட ஒருத்தி கீழே இருப்பதில் அவர்களுக்கு எவ்வளவோ நிம்மதி. அர்த்தனாரியும் சிரித்தார். கெடுதல் நினைத்துச் சிரிக்கவில்லை, மகள் எவ்வளவு சுருக்காகப் பேசுகிறாள் என்ற பெருமையில் சிரித்தார், அதுதான் சுகப்பிரியாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. வீட்டுக்கு வந்து அவள் பட்டறைக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதாள். அம்மா தமயந்தி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்றாவது வருடம் கலைக் கல்லூரியின் சேர்க்கைக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது, அன்றைக்குப் பாப்பாத்தி அத்தைக்குக் கொழுந்தனார் மகளின் வளைகாப்பு. ஃபிளெக்ஸ் துடைக்கிற நாள், மேலே ஆள் இல்லாத நேரம், கீழே காவல் இல்லாத நாற்காலி. இத்தனையும் ஒன்றாகக் கூடி வருவது இனி ஒரு ஜென்மத்தில் நடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதரை மணிக்கு ஏணியைச் சாத்தினாள், ஒரு கையில் சோப்பு வாளி, தோளில் பை, பைக்குள் குறடு, எழுதி முடித்த விண்ணப்பம், ஒட்டுப்பலகையிலிருந்து பார்த்து எழுதிய ஆறுகளின் பட்டியல். அதை எழுத்தரிடம் காட்ட வேண்டும் என்று எதற்காகவோ ஆசைப்பட்டாள்.

உச்சியில் கம்பி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. குறடால் முறுக்கி முறுக்கி அதை அறுக்கப் பத்து மணி ஆகிவிட்டது. கோப்பு கைக்கு வந்தது, பாலிதீனுக்குள் தன் பெயரைத் தன் கண்ணால் பார்த்தாள், மூன்று வருடமாக அவளை யாரும் அழைக்காத பெயர், அரசு முத்திரையோடு அங்கே பத்திரமாக இருந்தது. தூரத்தில் பத்து பத்து பஸ் பாலம் ஏறுகிற சத்தம் கேட்டது. கோப்பைப் பைக்குள் வைப்பதற்காக ஏணியில் திரும்பி, முதுகை ஃபிளெக்ஸில் சாய்த்து, ரோட்டைப் பார்த்து நின்றாள். அவள் முகம் நீலப் பின்னணியில், எப்போதும் ஒரு முகம் இருக்கிற அதே இடத்தில் இருந்தது.

கீழே அப்பா வந்துகொண்டிருந்தார். வங்கிக்கோ எங்கோ போகிறவர், பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தார், பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

“என்ன கண்ணு, இன்னிக்குக் காலேஜு இல்லயா?” என்றார். பிறகு, குரல் குழைந்து, “சாப்ட்டியா சாமி?” என்றார்.

அப்பா என்று அவள் சொல்லியிருக்கலாம், நான் ஏணியில் நிற்கிறேன், பஸ் வருகிறது, நான் போகவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக அந்தக் கேள்வி பக்கத்துத் தெருவரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருந்தது. இப்போது அது நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கப்பட்டது, அவள் பதில் சொன்னாள்.

“சாப்ட்டனுங்கப்பா.”

ஐந்தடிப் பெண் பதினாறடி ஆவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை, அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பை கோப்போடு கைவிட்டுப் போய்க் கீழே விழுந்தது. அப்பா அதை எடுத்துப் பார்த்து, சர்டிபிகேட் கட்டு அவிழ்ந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, வண்டியில் மாட்டிக்கொண்டு போனார். பத்து பத்து பஸ் டாக்டரம்மா ஸ்டாப்பில் நின்று, ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, கிளம்பியது. அவள் காலைத் தூக்கப் பார்த்தாள், கால் தாளோடு தாளாக இருந்தது. கத்தினாள், “நான் சுகப்பிரியாங்க! நான் சுகப்பிரியா!” என்று கத்தினாள். கீரைக்கட்டோடு போன ஒருத்தி நின்று மேலே பார்த்து, “தெரியுமுங்க டாக்டரம்மா, அதுதான் இத்தாம் பெருசா எழுதியிருக்குதே” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து ஐந்தடியில் ஒரு பெண் இறங்கினாள். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தாள். தன் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், ஏணி சாத்தியபடி இருந்தது, ஏறி வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதற்குப் பதில், தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோலத் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், கோட்டை டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டாள், வீடு இருக்கும் பக்கம் நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மேலே நின்றவளுக்குத் துண்டு துண்டாக, கீழே நின்று பேசியவர்களின் வாயால்தான் தெரிந்தது. ‘ஊட்டுப்புள்ள’ திடீரென்று நன்றாகப் பேசுகிறதாம். அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஏதாச்சும் படிக்கறனுங்கப்பா” என்றதாம், அவரும் சரி என்றாராம். மறுநாள் அந்தப் பையோடு கலைக் கல்லூரிக்குப் போனதாம். கடைசித் தேதியை ஒரு வாரம் நீட்டித்திருந்தார்களாம், ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பார்களாம். எழுத்தர், நீங்கள் டாக்டரம்மா இல்லையா என்று கேட்டாராம். “அவிங்க நாற்சந்தியில நிக்கறாங்க, வேணும்னா போய்ப் பாத்துக்கங்க. நான் வேற, ஒரிஜினல் இந்தாங்க” என்று சொன்னதற்கு, இரண்டே நிமிடத்தில் புவியியலில் இடம் போட்டுவிட்டாராம். பையில் இருந்த ஆறுகளின் பட்டியலைப் பார்த்து அங்கே ஒரு பேராசிரியர் அசந்துபோனாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏணியோடு வந்தது அம்மா.

தமயந்தி வாளியைத் தூக்கிக்கொண்டு படிப்படியாக ஏறி, கால், கோட்டு, கை என்று துடைத்துக்கொண்டே வந்தவள், இடது மணிக்கட்டில் நின்றாள். அங்கே காசளவு வடு இருந்தது. சோப்பைப் போட்டு மூன்று முறை தேய்த்தாள், அது போகவில்லை. ஒரு வாரமாக வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிற கையில் அந்த வடு இல்லை என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும்.

“அம்மா” என்றாள் சுகப்பிரியா. “அம்மா, என்னை எறக்கி உடுங்க.”

தமயந்தி கண்ணை நிமிர்த்தவில்லை. ரோட்டில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஊட்டுல ஒண்ணு இருக்குது சாமி. நல்லா சாப்புடுது. உங்கப்பங்கிட்டச் சிரிச்சுப் பேசுது. ஊடு இத்தன வருசத்துக்கு அப்பறம் ஊடாட்டம் இருக்குது.” ஈரத்துணியால் மகளின் கன்னத்தை ஒரு தடவை, மெதுவாக, அழுத்தாமல் துடைத்தாள். “நீ இங்கயே இரு.”

இறங்கிப் போகும்போது ஏணியையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

சாயங்கால வரிசை கொஞ்ச நாள் தொடர்ந்தது. சுகப்பிரியாவுக்கு மருத்துவம் தெரியாது, நூற்றி ஏழு மதிப்பெண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், எல்லாருக்கும் வெந்நீர் குடிக்கச் சொன்னாள். டாக்டரம்மாவுக்குக் கைராசி போய்விட்டது என்றார்கள். மே மாதம் வரிசையில் வந்த பிள்ளைகளிடம் அவள் மதிப்பெண் கேட்கவில்லை, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள், அதைக் கேட்டுப் பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள், காசு செலவழித்து வந்தோம், வந்தும் இப்படியா என்று சாமியானாவைப் பிரித்துவிட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவளுடைய அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெயிலில் வெள்ளைக் கோட்டு மஞ்சளானது, ஸ்டெதாஸ்கோப் வெளுத்தது, காலடியில் வாழ்த்தும் நெஞ்சங்கள் மூக்கும் வாயும் இல்லாமல் போனார்கள். நாற்சந்தியில் அந்த இடம் வேறு ஒரு பெண்ணுக்கு வேண்டியிருந்தது, கலெக்டர், இருபதடி.

அர்த்தனாரி கயிற்றை அறுத்து இறக்கினார். “நல்ல கெட்டி சீட்டு, கிழிக்க மனசு வருமா” என்று தடவிப் பார்த்தார், பட்டறையில் புதுப் பாடி கட்டி நின்ற முட்டை லாரிக்குத் தார்ப்பாய்க்குப் பதிலாகப் போடலாம் என்று டிரைவர் மயில்சாமியிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்து விரிக்க வீட்டுப் பெண்ணும் வந்தாள், இரண்டாம் வருடம் புவியியல், மாவட்டத்தில் முதல் மாணவி. விரித்ததும் மேலே வந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

“எழுத்துப் பக்கம் உள்ளார போகட்டுங்கப்பா” என்றாள். “வெள்ளப் பக்கம்தான் வெயிலத் திருப்பும். முட்டை கெடாது.”

“படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்று மயில்சாமி மெச்சினார்.

அப்படியாக சுகப்பிரியா முகம் குப்புறப் படுத்து, முட்டைத் தட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு, நாக்பூர் ரோட்டில் போனாள். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பாலத்தில் ஏறும்போது சக்கரத்தின் சத்தம் மாறுகிறது, கீழே காலியாக இருக்கிற சத்தம். அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்து அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள், இது தென்பெண்ணை, இது வட பெண்ணை, இது துங்கபத்திரை, இவ்வளவு நீளம் என்றால் கிருஷ்ணையாகத்தான் இருக்க வேண்டும், இது கோதாவரி. ஒன்றிலும் அவள் தவறவில்லை. மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை.

பெண்கங்கையைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டி நின்றது. காற்றில் தளர்ந்துபோன ஷீட்டை இழுத்துக் கட்டுவதற்காக மயில்சாமியும் கூட வந்த மாற்று டிரைவரும் மேலே ஏறி ஒரு மூலையைத் தூக்கிப் புரட்டினார்கள், நடுமதிய வெளிச்சத்தில் அவள் முகம் வந்தது, கண்கூசலுக்கு நடுவே அவள் முதல்முறையாக ஒரு மலையையும், கரிசல் பூமியையும், தூரத்தில் தண்ணீர் மினுங்குவதையும் பார்த்தாள்.

“யாருங்கண்ணா இது?” என்று மாற்று டிரைவர் கேட்டார்.

“எங்க ஊருப் புள்ள. டாக்டருக்குப் படிச்சுது” என்றார் மயில்சாமி. “அதுக்கு அதுலதான் அப்பிடியொரு ஆசை.”

அவள் இல்லை என்று சொல்ல நினைத்தாள், புவியியல் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர்கள் மூலையை மறுபடி குப்புறத் திருப்பி, அவள் வாய்க்கு மேலாகக் கயிற்றைக் குறுக்கே போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்துக் கட்டினார்கள்.